புளிப்பைக் காப்பாற்றுவது: நாசிக்கில் ஒரு சிறிய ஒயின் ஆலையின் வருடம்

பிரான்சில் திராட்சை முற்றுவது செப்டம்பரில். கோடை முடிந்து, நாளுக்கு நாள் வெயில் இறங்கிக்கொண்டு வரும் காலம் அது. நாசிக்கில் முற்றுவது ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை. ஜனவரி விடியற்காலையில் 10 டிகிரிக்கும் கீழே போகும். பிப்ரவரி கடைசியில் பகல் 32, 33. மார்ச்சில் 35-ஐத் தாண்டிவிடும். அங்கே பழம் குளிரை நோக்கிப் பழுக்கிறது, இங்கே வெயிலை நோக்கிப் பழுக்கிறது. நாசிக் ஒயினைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நான் முதலில் இந்த ஒரு விஷயத்தோடுதான் அதை ஒட்டிப் பார்ப்பேன். கவாத்துத் தேதி (கொடியை வெட்டிவிடும் நாள்), தண்ணீர்க் கணக்கு, விடிவதற்கு முன் அறுவடை, குளிரூட்டிக்கு ஆகும் மின்கட்டணம் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இந்த ஊரில் இனிப்புக்குக் குறைவே இல்லை. வெயில் தாராளம், சர்க்கரை தானாக ஏறும். கையில் நிற்காமல் ஓடுவது புளிப்புதான். திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள். ஒன்று டார்டாரிக், நம் வீட்டுப் புளியில் இருப்பது. இன்னொன்று மாலிக், பச்சை ஆப்பிளில் இருப்பது. மாலிக் அமிலத்தைப் பழமே சுவாசத்தில் எரித்துத் தீர்த்துவிடும், சூடு கூடக் கூட எரிவதும் கூடும். டார்டாரிக் அவ்வளவு சீக்கிரம் எரியாது. ஆனால் வேர் வழியாக ஏறும் பொட்டாசியம் அதோடு சேர்ந்து உப்பாகி அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். இரண்டும் சேர்ந்து சாற்றின் பி.எச். அளவை மேலே தள்ளுகின்றன, பி.எச். ஏற ஏறப் புளிப்பு குறையும். வெள்ளை ஒயினுக்கு 3.2 முதல் 3.4 வரை, சிவப்புக்கு 3.5 அல்லது 3.6. இந்த எல்லைக்குள் பழத்தை ஆலை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 3.8-ஐத் தாண்டிய சாறு வந்தால் அதன்பிறகு நடப்பதெல்லாம் வைத்தியம்.

நாசிக் தக்காணப் பீடபூமியில் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சஹ்யாத்ரி மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும் பருவமழை கிழக்கே வர வர மெலியும். திண்டோரி, நிபாட் பக்கங்களில் திராட்சை செழிக்க அதுவும் ஒரு காரணம். சாப்பாட்டுத் திராட்சை இங்கே பல தலைமுறையாக உண்டு. ஒயின் திராட்சை பின்னால் வந்தது. நாசிக்கின் சுலா ஆலை தன் முதல் பாட்டிலை 2000-இல் வெளியிட்டது, மகாராஷ்டிர அரசு 2001-இல் ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது, அதன்பிறகு சின்னச் சின்ன ஆலைகள் முளைத்தன. இங்கே நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட சிறிய ஆலைகளின் வேலையை. பத்து, பதினைந்து ஏக்கர் தோட்டம், எட்டு பத்து ஸ்டீல் டேங்க், ஒரு பிரெஸ், சில பீப்பாய்கள், அறுவடைக் காலத்தில் தூக்கமில்லாத ஐந்தாறு பேர்.

வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது. குளிர் நாடுகளில் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும். இங்கே அதற்குத் தூக்கமே கிடையாது, விட்டால் வருடம் முழுக்கத் துளிர்க்கும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அதையே வரமாக எடுத்துக்கொண்டார்கள். பன்னீர் திராட்சையைக் கவாத்து வெட்டி வெட்டி வருடத்துக்கு இரண்டு போகத்துக்குக் குறையாமல் எடுக்கிறார்கள். சாப்பாட்டுப் பழத்துக்கு அது சரி. ஒயினுக்கு அப்படிச் செய்தால் கொடி களைத்துப்போகும், ஒரு போகம் வெயிலிலும் ஒரு போகம் மழையிலும் மாட்டிக்கொள்ளும். அதனால் நாசிக்கில் கவாத்து இரண்டு, அறுவடை ஒன்று. ஏப்ரல் கவாத்தை மராத்தியில் கரட் சாட்டணி என்பார்கள். செப்டம்பர், அக்டோபரில் வெட்டுவது கோடி சாட்டணி. முதலாவது கட்டைக்கு, இரண்டாவது கனிக்கு.

ஏப்ரலில் ஒவ்வொரு கிளையையும் ஒன்று அல்லது இரண்டு கணு மட்டும் விட்டு ஒட்ட வெட்டிவிடுவார்கள். அதிலிருந்து வரும் புதுத் துளிரில் பழம் வேண்டாம், அடுத்த பருவத்துக்கான மொட்டுதான் வேண்டும். வெட்டிய 40-ஆம் நாளிலிருந்து 60, 70-ஆம் நாள் வரை அந்த மொட்டுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், அது குலையாகுமா வெறும் பற்றுக்கம்பியாகுமா என்பது முடிவாகிறது. அந்தச் சமயம் மொட்டின் மேல் வெயில் பட வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் வெட்டினால் இந்த நாட்கள் பெரும்பாலும் மே மாத வெயிலில் விழும். தள்ளிப்போட்டு மே மாதம் வெட்டினால் ஜூன் கடைசி, ஜூலை மேகமூட்டத்தில் விழும். பழம் குறைந்துபோன தோட்டத்தில் பலர் உரத்தைக் குறை சொல்வார்கள். விசாரித்தால் பத்து மாதத்துக்கு முந்தைய கவாத்துத் தேதியில் போய் நிற்கும். துளிர்கள் நெருக்கமாக வந்தால் சதுர அடிக்கு ஒன்று என்ற கணக்கில் விட்டுவிட்டு மீதியைக் கிள்ளி எறிவதும் இதற்காகத்தான். ஒன்றின் நிழலில் இன்னொன்று மொட்டைக் கெடுத்துவிடக் கூடாது.

ஜூனில் மழை பிடித்ததும் அடிச்சாம்பல் நோய் வரும். இலையின் மேல்புறம் எண்ணெய் சொட்டியதுபோல மஞ்சள் வட்டம், திருப்பினால் வெள்ளைப் பூஞ்சை. அதற்கு இன்றைக்கும் முதல் மருந்து போர்டோ கலவை. ஒரு சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் (செம்பு சல்ஃபேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். மயில்துத்தத்தை 50 லிட்டரிலும் சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது டிரம்மில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். இரும்பு வாளி கூடாது. கலந்தபின் ஒரு பழைய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பாலை விட்டு, கத்தி வெறும் கத்தியாகவே வெளியே வரும்வரை சோதிக்க வேண்டும். கலவையை அன்றைக்கே அடித்துத் தீர்க்க வேண்டும், மறுநாள் வைத்தால் படிந்து பயனற்றுப்போகும்.

ஆகஸ்டில் ஆலைக்குள் பாட்டில் வேலையும் பீப்பாய் நிரப்பும் வேலையும்தான். தோட்டத்தில் கிளை பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறி முற்றிக்கொண்டிருக்கும். கவாத்துக்கு முன்னால் சில கிளைகளை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பி, மொட்டைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது நல்லது. எத்தனையாவது கணுவில் குலை உருவாகியிருக்கிறது என்று அது காட்டிவிடும். இரண்டாவது கணுவிலேயே இருந்தால் குட்டையாக வெட்டலாம், ஐந்தாவதில் இருந்தால் நீளமாக விட வேண்டும். இதைப் பார்க்காமல் கத்தரிக்கோலை எடுப்பவர்கள் வருடத்தின் பழத்தை வெட்டித் தரையில் போட்டுவிட்டு டிசம்பரில் வருந்துவார்கள்.

இனி செப்டம்பர். ஆண்டின் மிகப் பெரிய முடிவு இதுதான், இதில் சரி என்று ஒரே விடை கிடையாது. வெட்டிய நாளிலிருந்து எண்ணினால் பத்து நாளில் துளிர், நாற்பது நாளில் பூ, எண்பத்தைந்து தொண்ணூறு நாளில் காய் நிறம் திரும்புதல், நூற்று முப்பதிலிருந்து நூற்றைம்பது நாளில் அறுவடை. செப்டம்பர் 10-ஆம் தேதி வெட்டினால் ஜனவரி கடைசியில், இரவுக் குளிர் இருக்கும்போதே, பழம் கையில் இருக்கும். புளிப்பு காப்பாற்றப்படும். ஆனால் துளிரும் பூவும் பின்வாங்கும் மழையில் மாட்டும். அடிச்சாம்பல் பூங்கொத்தில் ஏறினால் மூன்று நாளில் கொத்து பழுப்பாகி உதிர்ந்துவிடும், மருந்துச் செலவும் இரண்டு மடங்காகும். அக்டோபர் 10-ஆம் தேதி வெட்டினால் பூக்கும் காலம் வறண்டிருக்கும், நோய் குறைவு, மனசுக்கு நிம்மதி. ஆனால் பழம் முற்றுவது மார்ச்சில். மாலிக் அமிலம் ஓடியிருக்கும், பி.எச். 3.8-ஐத் தட்டும், சர்க்கரை மட்டும் முன்னால் ஓடி, தோலும் விதையும் முற்றாமல் பின்தங்கி நிற்கும்.

என் அபிப்பிராயம், வெள்ளை வகைகளுக்காவது மழையின் ஆபத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். சாவினோன் பிளாங், ஷெனின் பிளாங் இரண்டையும் செப்டம்பர் நடுவுக்குள் வெட்டிவிட்டு, சிவப்பு வகைகளில் ஷிராஸை அதன் பின்னாலும் கேபர்னே சாவினோனைக் கடைசியிலும் வெட்டலாம். நோயை மருந்தால் தடுக்க முடியும், போன வாசனையைத் திரும்ப வரவழைக்க மருந்து கிடையாது. இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெள்ளை ஒயின் ஒரு டேங்கில் 15 முதல் 20 நாள் நொதிக்கும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வெட்டினால் எல்லாப் பழமும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும், டேங்க் இருக்காது, பழம் கொடியிலேயே வெயிலில் காத்திருக்கும். பகுதி பகுதியாக ஏழு, பத்து நாள் இடைவெளி விட்டு வெட்டுவது செப்டம்பரில் உட்கார்ந்து போடும் பிப்ரவரி மாதத்து டேங்க் அட்டவணை.

வெட்டிய கையோடு, இரண்டு நாளுக்குள், கணுக்களில் ஹைட்ரஜன் சயனமைடு பூச வேண்டும். குளிர் தூக்கம் இல்லாத ஊரில் மொட்டுகள் ஒரே சீராக விழிக்காது. நுனிக் கணு மட்டும் துளிர்த்து மற்றவை உறங்கும். கடையில் கிடைக்கும் 50 சதவீதக் கரைசலை லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 40 மில்லி வரை கலந்து, துணிப் பந்தில் நனைத்துக் கணு கணுவாகத் தடவுவார்கள். வெயிலும் கிளையின் பருமனும் பொறுத்து அளவு மாறும், அதிகமானால் மொட்டே கருகும். கையுறை, முகமூடி கட்டாயம். ஒயின் ஆலையில் இதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பூசுகிறவர்கள் முந்தின நாளும் பூசியபின் ஒரு வாரமும் ஒரு துளி மதுவும் தொடக் கூடாது. இந்த மருந்து உடம்பில் ஆல்கஹால் செரிமானத்தைப் பாதியில் நிறுத்திவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். ஒயின் ருசி பார்க்கும் வேலையில் இருப்பவர்களை அந்த வாரம் தோட்டத்துக்கு அனுப்பவே கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இலையும் தண்ணீரும். வரிசைகள் வடக்கு தெற்காக இருந்தால் காலை வெயில் கிழக்குப் பக்கம், மாலை வெயில் மேற்குப் பக்கம். காய் பிடித்ததும் குலையைச் சுற்றிக் கிழக்குப் பக்க இலைகளை மட்டும் எடுத்துக் காற்றோட்டம் தர வேண்டும். ஐரோப்பியப் பாடப்புத்தகத்தைப் பார்த்து மேற்கிலும் இலையைப் பறித்தால் பிப்ரவரி மாலை வெயிலில் பழம் வெந்து, தோல் பழுத்து, சாறு சமைத்த வாசனை அடிக்கும். சிவப்பு வகைகளில் கிளைக்கு ஒரு குலை போதும். ஏக்கருக்கு 4 டன் என்பது நல்ல சிவப்பு ஒயினுக்கு ஒரு நியாயமான எல்லை. சாப்பாட்டுத் திராட்சையில் 10 டன் எடுத்துப் பழகிய கைக்கு இவ்வளவு குலையை வெட்டிக் கீழே போட மனம் வராது. ஆனால் அதிகச் சுமை ஏறிய கொடியில் பழம் பிந்தி முற்றும். பிந்தினால் வெயில், வெயில் என்றால் புளிப்பு போச்சு.

சொட்டுநீரும் அப்படித்தான். காய் நிறம் திரும்பியபின் தண்ணீரைப் பாதியாகக் குறைப்பார்கள், நுனி வளர்ச்சி நிற்க வேண்டும் என்பதற்காக. முழுக்க நிறுத்திவிட்டால் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, பழம் வாடி, சர்க்கரை வெறுமனே சுண்டி ஏறும். காலையில் நுனிப் பற்றுக்கம்பி கொஞ்சம் சோர்ந்து, மதியத்தில் இலை சூடேறாமல் இருந்தால் அளவு சரி. நாசிக்கில் வேர்ச்செடியாக, அதாவது கொடியை ஒட்டுக்கட்டும் அடிச்செடியாக, பெரும்பாலும் டாக்ரிட்ஜ் வைக்கிறார்கள். உப்புத் தண்ணீரையும் வறட்சியையும் தாங்கும், ஆனால் வேகமாகக் காடாக வளரும், பொட்டாசியத்தையும் நிறைய உறிஞ்சும். புதிதாக நடுகிறவர்கள் ஒயினுக்கு 110-ஆர் என்ற வேர்ச்செடியின் பக்கம் போவது நல்லது என்று நினைக்கிறேன். நடும் நாளில் எடுத்த முடிவு இருபது வருடம் பி.எச். மீட்டரில் தெரிந்துகொண்டே இருக்கும்.

டிசம்பர் முடிவில் தெளிப்பு அட்டவணையை எடுத்துப் பார்க்க வேண்டும். கந்தகத் தெளிப்பை அறுவடைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே நிறுத்தாவிட்டால் பழத்தோலில் ஒட்டியிருப்பது டேங்கில் அழுகிய முட்டை நாற்றமாக வெளிவரும், ஈஸ்ட் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுவதால். செம்பு அதற்கும் முன்னால் நிற்க வேண்டும். சாவினோன் பிளாங்கின் கொய்யா, பேஷன் பழ வாசனைகள் கந்தகம் சேர்ந்த நுண்ணிய மூலக்கூறுகளால் ஆனவை, செம்பு அவற்றைக் கட்டிப் பிடித்து வாசனையில்லாமல் ஆக்கிவிடும். ஜூலையில் கொடியைக் காப்பாற்றிய போர்டோ கலவை ஜனவரியில் வாசனையைக் கெடுக்கும்.

ஜனவரியில் தினமும் பழம் சேகரித்துப் பார்க்கும் வேலை. ஒரு பகுதிக்கு 100 முதல் 200 பழங்கள், வரிசையின் இரு புறமும், குலையின் மேல், நடு, கீழ் என்று கலந்து. ஓரக் கொடிகளைத் தொடக் கூடாது. கண்ணுக்கு அழகான பழத்தைப் பறிக்கும் கை எப்போதும் சர்க்கரையை ஒரு பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் ஒரு கிராம் சர்க்கரை) கூடவே காட்டும். பையில் பிசைந்து சாறெடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் பிரிக்ஸ், மீட்டரில் பி.எச்., சோடியம் ஹைட்ராக்சைடு டைட்ரேஷனில் மொத்த அமிலம். பி.எச். மீட்டரை 4, 7 இரண்டு கரைசலிலும் தினமும் சரிபார்க்க வேண்டும். மீட்டர் 0.2 தப்பாகக் காட்டினால் முழு ஆண்டும் தப்பு. பிறகு வாய். பழத்தைக் கடித்து, தோலைத் தனியாக மென்று, விதையைப் பல்லால் உடைத்துப் பார்க்க வேண்டும். பச்சை விதை நாக்கை இழுத்துப் பிடிக்கும். பழுப்பு விதை வறுத்த கடலைபோல மொறுமொறுவென உடையும். வெள்ளைக்கு 20 முதல் 22 பிரிக்ஸ், சிவப்புக்கு 23, 24. ஆனால் வெள்ளையில் பி.எச். 3.4-ஐத் தொட்டுவிட்டால் நான் பிரிக்ஸுக்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். 12 சதவீத ஆல்கஹாலும் உயிருள்ள புளிப்பும் உள்ள ஒயின், 13.5 சதவீதமும் சோம்பலும் உள்ள ஒயினைவிட எந்தச் சாப்பாட்டுக்கும் நன்றாக ஒத்துப்போகும்.

அறுவடை அதிகாலை 5 மணிக்கு நெற்றி விளக்கோடு தொடங்கி 9, 10 மணிக்குள் முடிய வேண்டும். காரணம் வெறும் கணக்கு. நொதிக்கும்போது ஒவ்வொரு பிரிக்ஸ் சர்க்கரையும் சாற்றைச் சுமார் 1.3 டிகிரி சூடாக்கும். 22 பிரிக்ஸ் என்றால் 28 டிகிரிக்கு மேல். மதியம் 30 டிகிரியில் பறித்த பழம் தானாக நொதித்தால் கோட்பாட்டளவில் 58 டிகிரிக்குப் போகும், அதற்கு வெகு முன்னே, 35-ஐத் தாண்டும்போதே ஈஸ்ட் தள்ளாட ஆரம்பித்துவிடும். காலையில் 14 டிகிரியில் வந்த பழத்துக்கும் மதியம் 30 டிகிரியில் வந்த பழத்துக்கும் இடையில் இருப்பது குளிரூட்டியின் ஒரு நாள் உழைப்பு. பெட்டியில் 15, 20 கிலோவுக்கு மேல் போட்டால் அடிப்பழம் நசுங்கிச் சாறு விட்டு, ஆலைக்கு வருமுன்னே காட்டு ஈஸ்ட்டும் பழ ஈக்களும் வேலையைத் தொடங்கிவிடும்.

வெள்ளைக்குக் காம்பு நீக்கி, பிழிந்து, டன்னுக்கு 600 முதல் 650 லிட்டர் சாறோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிரெஸ்ஸை மேலும் இறுக்கினால் வருவது கசப்பும் பொட்டாசியமும். ஒவ்வொரு அழுத்தத்திலும் பி.எச். பார்த்தால் கடைசிச் சாறு முதல் சாற்றைவிட 0.2, 0.3 கூடியிருப்பது தெரியும். அதைத் தனி டேங்கில் விட வேண்டும். பிறகு 8 முதல் 10 டிகிரியில் ஒரு நாள், ஒன்றரை நாள் தெளியவிட்டு வண்டலைப் பிரித்து, ஈஸ்ட். நூறு லிட்டருக்கு 20 முதல் 25 கிராம். அதன் எடைபோலப் பத்து மடங்கு, 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த சாற்றைக் கலந்து பழக்க வேண்டும். ஈஸ்ட் கரைசலுக்கும் சாற்றுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும்போது ஊற்றினால் பாதி செத்துவிடும், மீதி பாதி கடைசி சர்க்கரையில் நின்றுபோகும். நொதித்தல் 14 முதல் 16 டிகிரி. தினம் ஒன்று, ஒன்றரை பிரிக்ஸ் இறங்கினால் நல்ல நடை.

ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புளிப்பின் கதை முழுக்க அதில்தான் தெரிகிறது. பிழியும்போது லிட்டருக்கு 50 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடு என்பது வழக்கம். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் பொடியாக 1,000 லிட்டருக்குச் சுமார் 90 கிராம். (மழைக்காலம் தாண்டிய பழைய பொடி வீரியம் இழந்திருக்கும், வருடா வருடம் புதிது வாங்குங்கள்.) பாட்டிலுக்குப் போகும் நேரத்தில் கிருமியைத் தடுப்பது இதில் மூலக்கூறாக நிற்கும் சிறு பங்கு மட்டும்தான், அந்தப் பங்கைத் தீர்மானிப்பது பி.எச். லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் வேண்டுமென்றால் பி.எச். 3.2-இல் கட்டற்ற (வேறெதோடும் சேராமல் நிற்கும்) சல்ஃபைட் 20 மில்லிகிராம் போதும். 3.5-இல் 40 வேண்டும். 3.8-இல் கிட்டத்தட்ட 80, அவ்வளவு போட்டால் குடிப்பவரின் மூக்கில் தீக்குச்சி வாசனை அடிக்கும். செப்டம்பரில் எடுத்த கவாத்துத் தேதி பாட்டிலில் ஊற்றும் பொடியின் எடையாக வந்து நிற்கிறது.

சிவப்பில் தோலும் சாறும் சேர்ந்தே டேங்குக்குள் போகும். 5,000 லிட்டர் டேங்கில் 4, 4.5 டன்னுக்கு மேல் போடக் கூடாது, நொதிக்கும்போது தோல் மேலே கூடி அடையாக எழும், இடமில்லாவிட்டால் மூடி வழியே வழியும். அடையை நாளைக்கு இரண்டு மூன்று முறை அமுக்கிவிட வேண்டும், அல்லது அடியிலிருந்து சாற்றைப் பம்ப் செய்து மேலே நனைக்க வேண்டும். தெர்மாமீட்டரைச் சாற்றில் மட்டும் விட்டுப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அடைக்குள்ளே ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருக்கும். சாறு 26 காட்டும்போது அடை 32-இல் இருக்கும். ஒரு நாள் அமுக்காமல் விட்டால் மேல்பரப்பு காய்ந்து, வினிகர் வாசனை ஏற ஆரம்பிக்கும், நுரை மேல் பழ ஈ கூடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பெரும்பாலும் ஈஸ்ட்டுக்குத் தழைச்சத்து போதவில்லை. மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை இறங்குவதற்குள் ஊட்டம் கொடுத்து, காற்றுப் பட ஒரு முறை பம்ப் செய்தால் பல நேரம் தீரும். பாதிக்கு மேல் போனபின் ஊட்டம் கொட்டுவது வீண்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிய சுமார் 55 லிட்டர் கரியமில வாயு வெளியாகும். 4,000 லிட்டர் சாறு உள்ள ஒரே ஒரு டேங்க், 10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையை முழுக்க நிரப்பிவிடும். காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், நிறமில்லை. காலியான டேங்குக்குள் தோலை அள்ள இறங்குபவர் இரண்டு மூச்சில் சுருண்டு விழலாம், அவரைத் தூக்க இறங்குபவரும் அப்படியே. மெழுகுவத்தி சோதனையை நம்பாதீர்கள், அது அணைவதற்கு முன்பே மனிதருக்கு ஆபத்து அளவு வந்துவிடும். வாயு மீட்டர், தரைமட்ட எக்ஸாஸ்ட் விசிறி, வெளியே ஒரு ஆள், இடுப்பில் கயிறு. சிறிய ஆலைகளில் செலவு மிச்சம் என்று முதலில் விடுபடுவது இதுதான், முதலில் வாங்க வேண்டியதும் இதுதான்.

எதையும் சேர்க்காத, கையே படாத ஒயின் என்ற பேச்சு இப்போது நாசிக்கிலும் கேட்கிறது. அந்த ஆசையை மதிக்கிறேன். ஆனால் பி.எச். 3.9-இல் வந்த ஷிராஸில் கை படாமல் இருந்தால் சில மாதங்களில் பீப்பாயில் பிரெட்டனோமைசீஸ் என்ற காட்டு ஈஸ்ட் குடியேறும், பழ வாசனை போய் மாட்டுத்தொழுவமும் பிளாஸ்திரியும் மணக்கும். அதைத் தோட்டத்தின் குணம் என்று சொல்லி விற்பதை என்னால் ஏற்க முடியாது. லிட்டருக்கு ஒரு கிராம் டார்டாரிக் அமிலம், அதாவது 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ, பி.எச்.-ஐச் சுமார் 0.1 இறக்கும். நொதிப்பதற்கு முன்னே சாற்றில் சேர்த்தால் ஒயினோடு ஒன்றிவிடும், முடிந்தபின் சேர்த்தால் நாக்கில் தனியாகக் குத்தும். திராட்சையிலேயே இருக்கும் அமிலம்தான். இரண்டு கிராம்வரை கூச்சமில்லாமல் போடுங்கள். நாலு கிராம் தேவைப்பட்டால் அமில மூட்டையை மூடிவிட்டுக் கவாத்து நோட்டைத் திறங்கள், அடுத்த வருடம் தேதியை முன்னால் நகர்த்துங்கள். கொடியிடம் கடுமையாகக் கைவைத்தவர்களுக்குத்தான் டேங்கிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் உரிமை கிடைக்கிறது.

சிவப்பு ஒயின் பிழிந்தபின் 20 டிகிரி சுற்றி வைத்திருந்தால் மாலிக் அமிலத்தை பாக்டீரியா லாக்டிக்காக மாற்றும். கூர்மை தணியும், பி.எச். இன்னும் 0.1, 0.2 ஏறும். அந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் முன்னாலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். வெள்ளையில் இதை இங்கே தடுத்துவிடுவதே நல்லது, இருக்கிற கொஞ்சம் மாலிக்கையும் விட்டுக்கொடுக்க முடியாது. பிறகு 225 லிட்டர் பீப்பாய். மே மாதம் வெளியே 40 டிகிரி இருக்கும்போது பீப்பாய் அறை 16, 18-இல் நிற்க வேண்டும், ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் குறையாமல். மாதம் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ஆவியாகும். அந்த இடத்தில் காற்று உட்கார்ந்தால் வினிகர். வாரம் ஒரு முறை அதே ஒயினால் வாய்வரை நிரப்ப வேண்டும். மின்சாரம் போகும் ஊரில் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒயின் செய்யும் வேலைதான்.

வெள்ளையைப் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு வாரம் குளிர்வித்து டார்டாரிக் உப்பைப் படியவிட்டு, பென்டனைட் களிமண்ணால் புரதத்தை இறக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டுப் பாட்டிலில் அடைப்பார்கள். மே வெயிலில் லாரியில் போகும் பாட்டிலில் புரதம் மிச்சமிருந்தால் கடைக்குப் போவதற்குள் பால்போல மங்கிவிடும். அதனால் முன்னாலேயே ஒரு குப்பியை 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, ஆறியபின் விளக்கில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மிச்சமிருப்பது சக்கை. பிழிந்த தோல், விதை, காம்பு. மலையாகக் குவிந்திருக்கும் இதைச் சாணத்தோடு கலந்து மக்கவிட்டு, ஏப்ரல் கவாத்து முடிந்த தோட்டத்துக்கே திருப்பிப் போடுவது பெரும்பாலான ஆலைகளில் வழக்கம். மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் திராட்சைச் சக்கையில் பொட்டாசியம் மிக அதிகம். கொடி மண்ணிலிருந்து எடுத்தது தோலில் நிறையச் சேர்ந்திருக்கிறது. ஒரே மேட்டில் வருடா வருடம் கொட்டினால் அந்த வரிசைகளின் சாறு மட்டும் மற்றவற்றைவிட பி.எச். கூடி வரும். பூக்கும் பருவத்தில் குலைக்கு எதிரே உள்ள இலைக்காம்பை எடுத்து ஆய்வகத்தில் பார்த்த அறிக்கையில் பொட்டாசியம் போதுமான அளவுக்கு மேல் இருக்கும் பகுதிகளுக்கு இந்த எருவை விட்டுவிட்டு, அறிக்கையில் குறைவாக வந்த பகுதிகளுக்கு மட்டும் கூடை கூடையாகக் கொண்டுபோக வேண்டும்.